ஞாயித்துக்கெழமை நான் வரமாட்டேன்

“வீட்டுல குந்திக்கினு கறி தின்னா விடுதலை வந்துருமா தோழர்?”

கேட்டவர் எதிரி இல்லை. இருபது வருசமாக என்னோடு பசை வாளி தூக்கியவர். ஒரே வேனில் ஏற்றப்பட்டு, ஒரே கல்யாண மண்டபத்தில் அடைக்கப்பட்டு, ஒரே பொட்டலம் சோற்றைப் பிரித்துத் தின்றவர்கள் நாங்கள். அவர் கேட்டதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. வேறு எவனாவது கேட்டிருந்தால் ‘போடா’ என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

நடந்தது இதுதான். 2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அதுக்கும் அரசு விடுமுறை. அடுத்தது ஞாயிறு. மூணு நாள் சேர்ந்தாப்போல லீவு. ஞாயிறு காலை ஒரு கண்டனக் கூட்டம் போட்டிருந்தார்கள். எதற்கு என்பதை மறைத்துவிட்டு என் நியாயத்தை மட்டும் பேசினால் அது அயோக்கியத்தனம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டு ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் நம்ம பெண்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களைத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. 14ஆம் தேதி அரசு அவர்களுக்கு இலவசக் காலைச் சாப்பாடு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. அவங்க கேட்டது வேலை, சொன்னது சாப்பாடு. 15ஆம் தேதி கோட்டையில் கொடி ஏறியது.

இதைக் கண்டிக்கிற கூட்டத்துக்குத்தான் நான் போகவில்லை. வீட்டில் இருந்தேன். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். தோழர்கள் எல்லாருமே எப்போதாவது சொல்லுகிற பொய்தான் அது. நான் சொல்லவில்லை. “எங்கம்மா வந்திருக்கு, வீட்ல இருக்கப் போறேன்” என்று உள்ளதைச் சொன்னேன். அதுக்குத்தான் மேலே சொன்ன கேள்வி.

எங்கம்மா வந்த கதையைச் சொல்லுகிறேன். விழுப்புரம் பக்கத்து காலனியிலிருந்து பஸ் பிடித்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தது. வந்ததும் முதல் கேள்வி:

“எத்தினி நாளுடா லீவு?”

“மூணு நாளு.”

“மூணு நாளுக்கும் சம்பளம் புடிச்சுக்குவாங்களா?”

“புடிக்கமாட்டாங்கம்மா.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “சும்மா குந்தினு இருக்கறதுக்கு எவன்டா காசு குடுப்பான்?”

நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருசம். இத்தனை வருசத்தில் இதை நான் எங்கம்மாவுக்குச் சொல்லியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அது நாற்பது வருசம் ஆண்டை நிலத்தில் நட்டது, களை எடுத்தது, அறுத்தது. ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. இரண்டுநாள் போகாவிட்டால் வீட்டுவாசலில் ஆள் வந்து நிற்பான். அப்பா படியாள். அவருக்கு அந்தக் கணக்கும் கிடையாது. வருசத்துக்குப் பேசின நெல், அந்த வருசத்தின் எல்லா நாளும் ஆண்டையுடையது. என் அக்கா பிறந்த பதினோராம் நாள் அம்மா நடவுக்குப் போனது. துணித் தூளியை வரப்போரத்து வேலமரத்தில் கட்டிவிட்டு சேற்றில் இறங்கியது.

அமாவாசைக்கு ஏர் பூட்டுவதில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மாட்டுக்கு ஓய்வு. மாட்டை ஓட்டுகிறவனுக்கு? வேலி கட்டு, எருக்குழி வெட்டு, களம் செதுக்கு, விறகு பிள. நான் சின்னப் பையனாக இருக்கும்போது அப்பா அமாவாசையன்று மற்ற நாளைவிட லேட்டாகத்தான் வீட்டுக்கு வருவார். மாட்டுப் பொங்கல் இன்னும் விசேஷம். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் பூசி, சலங்கை கட்டி, கழுத்தில் மாலை போட்டு நிறுத்துவார் அப்பா. ஆண்டை வீட்டம்மா வந்து மாட்டுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டி, வாயில் பொங்கல் ஊட்டும். அப்பா கட்டுத்தறிக்கு அந்தாண்டை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கான பொங்கல் தோட்டத்துப் பக்கமாக, இலையில், தூக்கிப்போட்டு. உழவர் திருநாள் என்று இன்றைக்கு அரசாங்கக் காலண்டரில் அச்சடிக்கிறான். எந்த உழவன்?

ஆபீசில் லீவுக்கு முந்தின நாள் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “என்ன சார், ஊருக்குப் போகலையா?” சாதாரணக் கேள்விதான். இருபத்தாறு வருசமாக இதுக்குப் பதில் சொல்லும்போது எனக்கு நாக்கு தடுக்குது. ஊர் என்பது எங்களுக்கு நாங்கள் இல்லாத இடம். ஊர் வேறு, சேரி வேறு. ‘ஊர்ல சாமி கெளம்பிடுச்சு’ என்றால் எங்கள் தெருவுக்கு வராத சாமி. ‘ஊர்க்காரங்க’ என்றால் எங்களை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள். நான் ‘ஊருக்குப் போறேன்’ என்று சொல்லும்போது ஊரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, காலனிக்குப் போகிறேன் என்று அர்த்தம். பண்டிகை லீவுக்கு மண்வாசனை, திண்ணை, தாத்தா பாட்டி, தோப்பு, கிணற்றுக் குளியல் என்று வாரப் பத்திரிகைகள் வருசா வருசம் படம் போட்டு எழுதுகின்றனவே, அந்தக் கிணற்றில் குளித்ததற்காக உதைபட்ட பிள்ளைகள் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர்? அந்தப் பக்கங்களில் குடும்பம் என்றால் ஒரு கூடம், ஒரு ஊஞ்சல், வாழையிலை, சிரிக்கிற அம்மா. அந்த இலையை எடுத்துப் போட்டவள் படத்தில் இல்லை. மறுநாள் தெருவில் குவிந்த இலையை அள்ளியவள் அந்த ஊரிலேயே இல்லை.

நம் தோழர்களும் இந்தப் பத்திரிகைகளைப் பார்த்துவிட்டுத்தான் ‘விடுமுறை என்பது மத்தியதர வர்க்க சொகுசு’ என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். சேரியில் பிறந்தவன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தால் அவன் ‘மாறிவிட்டான்’. டிவி பார்த்தால் சோரம் போய்விட்டான். பெண்டாட்டி பிள்ளையோடு கடற்கரைக்குப் போனால் புதுப் பார்ப்பான். இந்தப் பேச்சில் எனக்குக் கேட்கிறது ஆண்டையின் குரல்தான். ‘இன்னாடா, இந்நேரத்துல கயித்துக் கட்டில்ல படுத்துனு இருக்க’ என்று காலனித் தெருவில் நின்று கத்துவானே, அந்தக் குரல். எசமான் விடுவித்தாலும் சூத்திரனுக்கு ஊழியத்திலிருந்து விடுதலை கிடையாது, அது அவன் பிறவியோடு வந்தது என்று மனு எழுதி வைத்தான். நமக்கு அந்தக் கணக்கிலும் இடமில்லை, அதுக்கும் வெளியே. அந்தப் புத்தகத்தை 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் கொளுத்தினோம் என்று ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். சும்மா இருப்பவனைக் கண்டால் பொறுக்காத அந்தப் புத்தி மட்டும் நமக்குள் எரியாமல் எப்படி மிஞ்சியது?

இந்த ஞாயிறு யார் கொடுத்தது என்று ஒரு நிமிசம் யோசிக்க வேண்டும். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளுக்கு வாரம் ஒருநாள்கூட ஓய்வு இல்லாத காலம். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் இயக்கத்திலிருந்து வந்த நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் தொழிலாளிகளைத் திரட்டி, மனுவுக்கு மேல் மனு கொடுத்து, கூட்டங்கள் நடத்தி, 1890இல் ஆலை முதலாளிகளை ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். ஞாயிறு வெள்ளைக்காரன் மாதாகோயிலுக்குப் போகிற நாள் என்று மட்டும் அவர் விட்டுவிடவில்லை; உழைக்கிற மராத்திய சனங்களின் கண்டோபா சாமிக்கும் அதுதான் நாள் என்று வாதாடினார். பாடப்புத்தகத்தில் இந்தப் பெயர் உண்டா? ஆகஸ்ட் 15க்கு லட்டு கொடுக்கிற பள்ளிக்கூடம் எதிலாவது, நாளைக்கழிச்சு ஞாயிறு வருகிறதே, அது யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லிக் கொடுக்கிறார்களா?

அம்பேத்கர் கதை நமக்கே பாதிதான் தெரியும். அரசியல் சட்டம் தெரியும், பூனா ஒப்பந்தம் தெரியும். 1942லிருந்து 1946 வரை அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தை மேடையில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்ற சட்டத்திருத்தம் 1945இல் வந்தது. வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது 1946இல். எங்கம்மா நம்ப மறுத்ததே, ‘சும்மா குந்தினு இருக்கறதுக்குக் காசு’ என்று, அந்தச் சங்கதிதான் அது. அதுக்கும் முன்னால், 1928லேயே பம்பாய் சட்டசபையில் பெண் தொழிலாளிகளுக்குப் பேறுகாலப் பலன் வேண்டும் என்ற மசோதாவை ஆதரித்துப் பேசினார். அப்படிப் பேசி அரை நூற்றாண்டு கழித்துத்தான் எங்கம்மா பதினோராம் நாள் நடவுக்குப் போனது. ஆலைக்குப் போன சட்டம் சேற்றில் இறங்கவே இல்லை. 1958இல் தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. தொழிற்சாலை உண்டு, கடை உண்டு. ஆண்டையின் நஞ்சை அதில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று 1945இல் அம்பேத்கர் எழுதிய புத்தகத்தில் காந்தியத்தைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. இயந்திரம் வேண்டாம், ராட்டையும் கைவேலையும் போதும் என்கிறவர்களை அதில் பிடித்து உலுக்குகிறார். அவர் கேட்பது ஓய்வு. வயிற்றுப்பாட்டுக்கே பொழுது பூராவும் போனால் மனிதனுக்கும் மிருகத்துக்கும் வித்தியாசமில்லை, ஓய்வு இருந்தால்தான் மனசை வளர்க்க முடியும், ஜனநாயகம் என்று சொல்லிக்கொள்கிற சமூகம் அதை எல்லாருக்கும் உத்தரவாதப்படுத்த வேண்டும் என்பது அவருடைய வாதம். படிப்பு, வேலை, நிலம், ஓட்டு என்று நாம் போடுகிற கோரிக்கைப் பட்டியலில் ஓய்வு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? நான் பார்த்த வரைக்கும் பட்டியலிலேயே இல்லை. நம்மில் மார்க்சியம் பேசுகிறவர்கள் மார்க்சின் மருமகன் பால் லஃபார்க்கையாவது படிக்கலாம். சோம்பேறித்தனம் ஒரு உரிமை என்று 1880லேயே எழுதினவர்.

வாங்கினது கையிலேயே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத்திருத்தம் நம் சட்டசபையில் நிறைவேறியது. சமூகநீதி பேசுகிற ஆட்சிதான். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்துக் கிளம்பியதால் மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாள் இடைவெளி. கொஞ்சம் அசந்திருந்தால் போயிருக்கும்.

சரி, அந்த ஞாயித்துக்கெழமைக்கு வருகிறேன். தோழர் சொன்னது உண்மை, கறிதான் தின்றோம். காலையில் நானே போய் மாட்டுக்கறி இரண்டு கிலோ வாங்கிவந்தேன். பையை மூன்று கவர் போட்டுச் சுற்றி, மேலே ஒரு கட்டுக் கீரையை வைத்து. இந்த வீட்டுக்கு வாடகைக்கு வருவதற்கு முன் ஒன்பது வீடு பார்த்தோம். ‘நீங்க சைவமா?’ என்று கேட்டவர்கள் நாலு பேர். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று நேராகவே கேட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் என் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, சொந்தக்காரங்க வர்றாங்க என்றார்கள். கடைசியாகக் கிடைத்த இந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. ஆட்டுக்கறிக்கு ஒன்றும் சொல்லமாட்டார். அதனால் எங்கள் வீட்டு ஞாயிறு சன்னலைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, ஊதுபத்தி கொளுத்தி ஆரம்பிக்கும். காலனியில் ஞாயிறு என்றால் தெரு பூராவும் ஒரே வாசம் அடிக்கும். எந்த வீட்டில் மிளகு தூக்கல், எந்த வீட்டில் உப்புக்கண்டம் என்று நடந்துபோகும்போதே சொல்லிவிடலாம். இங்கே மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சந்தோசம். குடும்பத்தோடு நிம்மதியா வீட்ல இருந்தோம் என்று சொல்கிறவர்களின் வாக்கியத்தில் ‘வீட்ல’ என்கிற வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது!

(மாட்டுப் பொங்கலையொட்டித் திருவள்ளுவர் நாள் வருகிறது. அன்றைக்குச் சென்னையில் இறைச்சிக் கடைகளை மூடிவிடுவார்கள். வள்ளுவர் புலால் மறுத்தார், சரி. கள்ளும் சூதும்கூட மறுத்தார். பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்றும்தான் சொன்னார். அதுக்கு எந்தக் கதவை மூடினார்கள்?)

இவ்வளவு வீறாப்பாக எழுதிவிட்டு, அந்த மூணு நாளில் எங்கள் வீட்டில் உண்மையில் யாருக்கு லீவு என்று எழுதாமல் போனால் நான் பொய்யன். என் துணைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வெள்ளிக்கிழமை டூட்டி. சனிக்கிழமை வாரத் துணி. ஞாயித்துக்கெழமை நான் வாங்கிவந்த கறியைக் கழுவியது அவள், நறுக்கியது அவள், தேங்காய் அரைத்தது அவள். எங்கம்மா சும்மா இருக்கவில்லை. “சும்மா குந்தினா ஒடம்பு நோவுது” என்று விடியற்காலை நாலரைக்கே எழுந்து படிக்கட்டு வரைக்கும் பெருக்கிவிட்டு வந்தது. நான் அடுப்படிக்குப் போனேன். “நீ இன்னாடா இங்க, ஆம்பளப் புள்ள, போயி காத்தாட குந்து” என்று விரட்டியது. நானும் வந்து காத்தாடக் குந்தினேன். அம்பேத்கர் வாங்கிக் கொடுத்த ஓய்வை, நாற்பது வருசம் ஓய்வே காணாத ஒருத்தியும், வாரம் பூராவும் நோயாளிகளோடு நின்ற ஒருத்தியும் அடுப்படியில் நின்று எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டு முடித்து மூணு மணிக்கு என் துணைவி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்தக் கூட்டத்துக்கே போயிருக்கலாம் நீங்க. ஒரு ஆள் டீ கம்மியாயிருக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கணக்குதான் சொன்னாள். அவளுக்கு ஞாயித்துக்கெழமைக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் கூட்டங்களில் பாதி எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், காலை பத்து மணிக்கு வந்தால் சாயங்காலம் ஐந்து வரைக்கும். மூணு தரம் டீ, ஒரு வேளைச் சோறு. பெண் விடுதலை பற்றி ஒரு தீர்மானம் கட்டாயம் இருக்கும். அதை வாசிக்கும்போது டம்ளர் எடுக்க வந்தவள் நின்று கேட்டுவிட்டுப் போவாள். இத்தனை வருசத்தில் ஒருநாள் ஒருவர்கூட ‘நீங்களும் உட்காருங்க’ என்று சொன்னதில்லை. என்னையும் சேர்த்துத்தான். நமது பெண் தோழர்கள் ஞாயிறு கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று போன வருசம் ஒரு மணிநேரம் விவாதித்தோம். அன்றைக்கும் டீ வந்தது.

ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களை நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன், இரண்டாம் வாரத்தில். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி மடியில் ஒருத்தி தலைவைத்து, கோஷத்துக்கு நடுவில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ரோட்டில் அவர்களை நான் எப்போதும் குனிந்த முதுகாகத்தான் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், நகரத்தின் நடுவில், எழுந்து போ என்று சொன்னவனுக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கத்துக்குப் பொறுக்காமல் போனதில் இதுவும் ஒரு பங்கு என்றுதான் நினைக்கிறேன். மூணுநாள் லீவில் ஊர் பூராவும் தின்று போட்ட குப்பையை அந்த வாரமும் யாரோ அள்ளினார்கள். அவர்களும் நம்மவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஆகவே தோழர், உங்கள் கேள்விக்கு என் பதிலை எழுதிவிட்டேன். அந்தக் கூட்டத்துக்கு வராமல் போனது தப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் இருந்ததைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் ஒரே நாளில் வந்து மோதும்படி நாள் குறித்தது யார்? வேலை நாளில் நமக்கு நேரமில்லை, அதனால் ஞாயிறு. வேலை நாளை எடுத்துக்கொண்டவனிடம் நேரம் கேட்க நமக்குத் தெம்பில்லை, பெண்டாட்டி பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் போடுங்கள், வருகிறேன். ஏதாவது ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் போடுங்கள், வீட்டில் வேண்டாம். டீயைக் கடையிலிருந்து வாங்குவோம், டம்ளரை நாம் கழுவுவோம். என் துணைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், கேட்க அவளுக்கு நாலைந்து கேள்வி இருக்கிறதாம். மறுநாள் ஞாயித்துக்கெழமை மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். கறி கழுவணும். கத்தி பிடிக்கக் கத்துக்கொண்டிருக்கிறேன், கட்டை விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.